இசிஜி தாளில் இருப்பது மூக்குச் சைனஸ் அல்ல

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ வண்ணார்பேட்டைப் பக்கம் ஏதாவதொரு தனியார் மருத்துவமனையிலோ நெஞ்சுவலிக்குப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே இசிஜி தாள், ஒலியலையால் இதயத்தைப் படம் பிடித்த எக்கோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. மாத்திரையை எப்போது போட வேண்டும் என்பதை மெடிக்கல் கடைத் தம்பி சொல்லிவிடுவார். மற்றத் தாள்கள் காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் வரும். பிள்ளை இசிஜியின் மேல்மூலையில் இருப்பதை எழுத்துக்கூட்டி ‘சைனஸ் டாக்கிகார்டியா’ என்று படிக்கும். உடனே அண்ணன் மனைவியான மயினி, “சைனஸா? அவியளுக்குச் சளியே கிடையாதே, நெஞ்சு வலிக்குன்னுல்லா கூட்டிட்டுப் போனோம்” என்பார்.

மயினியின் கேள்வி சரியான கேள்விதான். பதில் சொல்ல மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. இந்தச் சொற்கள் நீளமாக இருப்பதால்தான் பயமுறுத்துகின்றன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று துண்டுகள்தான் இருக்கும். அந்தத் துண்டுகளும் கிரேக்கத்திலும் லத்தீனிலும் சாதாரண மக்கள் புழங்கிய வீட்டுச் சொற்கள்: கூழ், கதவு, வேலி, வயிறு, எலி. சில துண்டுகளைத் தெரிந்துகொண்டால் ரிப்போர்ட்டில் பாதியாவது பிடிபடும். எந்த இடத்தில் என்ன மாதிரிக் கோளாறு என்பதுவரை பெயர் சொல்லும். எவ்வளவு மோசம், என்ன செய்ய வேண்டும் என்பதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

முதலில் இதயத்துக்கான வேரைப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் இதயம் ‘கர்தியா’. கார்டியாலஜி, கார்டியாக், இசிஜி என்பதன் நடுவில் நிற்கும் ‘கார்டியோ’ எல்லாம் அதன் பிள்ளைகள். இசிஜியை விரித்தால் எலெக்ட்ரோகார்டியோகிராம். ‘எலெக்ட்ரான்’ என்பது கிரேக்கர்கள் அம்பர் என்ற பிசின் கல்லுக்கு வைத்திருந்த பெயர். தேய்த்தால் அது துரும்பை இழுக்கும், அதனால் மின்சாரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘கிராம்மா’ என்றால் எழுத்து, எழுதப்பட்டது. ஆக, இதயத்தின் மின்சாரத்தை எழுதிய தாள். எழுதுகிற கருவி ‘கிராஃப்’, எழுதப்பட்டு வருவது ‘கிராம்’, அதைப் பற்றிய படிப்பு ‘லாஜி’. நெதர்லாந்தின் லைடன் நகரில் இந்தக் கருவியைச் செம்மைப்படுத்திய வில்லெம் ஐன்ட்ஹோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. சில ரிப்போர்ட்டுகளில் இகேஜி என்றிருந்தால் வேறு டெஸ்ட் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லை ‘கே’ போட்டு எழுதுவார்கள், அவ்வளவுதான்.

லத்தீனில் இதயம் ‘கோர்’, பன்மை ‘கொர்தா’. கத்தோலிக்கப் பூசைக்குப் போகிறவர்கள், பாளையங்கோட்டையானாலும் மணப்பாடானாலும், “இதயங்களை மேலே எழுப்புங்கள்” என்று சாமியார் சொல்வதைக் கேட்டிருப்பார்கள். பூசை லத்தீனிலேயே நடந்த காலத்தில் அதே வரி ‘சுர்சும் கொர்தா’. மருத்துவத்தில் இந்த வேர் குறைவாகத்தான் தலைகாட்டுகிறது. நுரையீரல் பல வருடம் கெட்டுப்போய், அதன் பாரத்தால் இதயத்தின் வலது பக்கம் தளர்ந்துவிடும் நிலைக்கு ‘கோர் பல்மோனேல்’ என்று பெயர். ‘பல்மோ’ என்றால் நுரையீரல்.

ஒரு உறுப்புக்கு ஏன் இரண்டு மொழி? மேற்கத்திய மருத்துவத்தை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்கள் கிரேக்கர்கள். ரோமர்கள் ஆண்ட காலத்திலும் மருத்துவம் பெரும்பாலும் கிரேக்கத்தில்தான் எழுதப்பட்டது; 2ஆம் நூற்றாண்டின் பெரிய மருத்துவரான காலன் ரோமில் வேலை பார்த்தார், எழுதியது கிரேக்கத்தில். பிற்பாடு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுமொழி லத்தீன் ஆனது. 1543இல் உடற்கூறு நூல் வெளியிட்ட வெசாலியஸ், 1628இல் ரத்தம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்று காட்டிய வில்லியம் ஹார்வி, இருவருமே லத்தீனில் எழுதினார்கள். இதிலிருந்து ஒரு உத்தேசக் கணக்கு கிடைக்கிறது: உடம்பின் பாகத்துக்குப் பெயர் என்றால் பெரும்பாலும் லத்தீன்; நோய்க்கோ பரிசோதனைக்கோ பெயர் என்றால் பெரும்பாலும் கிரேக்கம். விலக்குகள் உண்டு. இரண்டையும் கலந்து கட்டிய சொற்களும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் எஸ்.எச்.டி. (SHT) என்று சுருக்கி எழுதும் ‘ஹைப்பர்டென்ஷன்’, அதாவது ரத்தக்கொதிப்பு, அப்படிப்பட்டது. ‘ஹைப்பர்’ கிரேக்கம், ‘டென்ஷன்’ லத்தீன். அந்த டென்ஷன் ரத்தக்குழாய்ச் சுவரின் இழுவிசை. மனசு டென்ஷன் இல்லாத ஆளுக்கும் பிரஷர் வரும்; “நான் டென்ஷனே ஆக மாட்டேன், எனக்கு எதுக்கு மாத்திரை?” என்று நிறுத்திவிடுகிற ஆண்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம்.

சரி, மயினியின் சைனஸுக்கு வருவோம். லத்தீனில் ‘சைனஸ்’ என்றால் மடிப்பு, வளைவு, உள்வாங்கிய குழிவு. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் காற்று நிற்கும் குழிவுகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள்; சளி பிடித்தால் வலிப்பது அவைதான். இதயத்திலும் ஒன்று உண்டு. கருவில் இதயம் உருவாகும்போது, உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தம் சேரும் பை ஒன்று இருக்கும். அதன் பெயர் ‘சைனஸ் வீனோசஸ்’, அதாவது சிரைக்குழிவு. குழந்தை வளர வளர அந்தப் பையின் பெரும்பகுதி இதயத்தின் வலது மேல் அறையோடு கலந்துவிடும். கலந்த இடத்தில் ஒரு சின்னத் திசுமுடிச்சு தங்கும். 1907இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் அதைக் கண்டு விவரித்தார்கள். சைனஸ் நோடு என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். ஒவ்வொரு துடிப்புக்குமான மின்சாரம் அங்கேதான் கிளம்புகிறது. ஆகவே ‘சைனஸ் ரிதம்’ என்று அச்சாகியிருந்தால், துடிப்பு கிளம்ப வேண்டிய இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று பொருள். அது நல்ல சேதி.

‘டாக்கிஸ்’ என்றால் கிரேக்கத்தில் வேகமான. ‘பிராடிஸ்’ என்றால் மெதுவான. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழக்கம். 100ஐத் தாண்டினால் டாக்கிகார்டியா, 60க்குக் கீழே போனால் பிராடிகார்டியா. அண்ணாச்சிக்கு வந்த ‘சைனஸ் டாக்கிகார்டியா’வில் இடம் சரி, வேகம்தான் கூடுதல். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, பயம், வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் வந்தது என்று அதற்குக் காரணம் பல. காரணத்தைத் தேடுவதுதான் டாக்டரின் வேலை. பெயர் வெறும் வர்ணனை. ஒழுங்கே தவறினால் ‘அரித்மியா’: ‘ரித்மோஸ்’ தாளம், முன்னால் நிற்கும் ‘அ’ இல்லை என்று மறுக்கிறது. நம் பக்கத்து ‘அநீதி’, ‘அசுத்தம்’ போலவே அங்கேயும் ‘அ’தான் மறுப்பு.

சைனஸை விடுவதற்கு முன் ஒரு சங்கதி. கடல் நிலத்துக்குள் வளைந்து புகும் வளைகுடாவுக்கும் லத்தீனில் சைனஸ் என்றே பெயர். 2ஆம் நூற்றாண்டில் தாலமி கிரேக்கத்தில் எழுதிய நிலநூலில் ‘கொல்கோய்’ என்ற ஊர் வருகிறது. அது தாமிரபரணி முகத்துவாரத்தருகே இருந்த நம் முத்துக்குளித்துறை கொற்கை என்பது ஆய்வாளர்களின் முடிவு. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லும் அப்படியே கண்டார். கொற்கைக்கு முன்னால் இருந்த கடலுக்கு அந்த ஊரின் பெயரையே தாலமி தருகிறார். லத்தீனில் பெயர்த்தவர்கள் அதை ‘சைனஸ் கொல்கிகஸ்’ ஆக்கினார்கள். இன்றைய மன்னார் வளைகுடா. தாமிரபரணி போய் விழுகிற கடலுக்கும் இசிஜி தாளுக்கும் இப்படி ஒரு சொல் பொதுவாக இருப்பது படிக்கிறவருக்கு எந்தப் பயனும் தராது. ஆனால் சொல் மறக்காது.

இதயத்தின் அறைகளுக்கு வருவோம். மேல் அறைகள் இரண்டுக்கும் பெயர் ‘ஏட்ரியம்’. பழைய ரோம வீட்டில் வாசலைத் தாண்டியதும் வரும் நடுக்கூடம் அது. கூரையின் நடுவில் திறப்பு இருக்கும், மழைத்தண்ணீர் நேராகக் கீழே உள்ள தொட்டியில் விழும். கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்துப் பழைய வீட்டில் ரேழியைக் கடந்து முற்றத்துக்கு வருவது போலத்தான். வெளியிலிருந்து வருகிற ரத்தம் முதலில் வந்து நிற்கும் இடம் என்பதால் பெயர் பொருந்துகிறது. பள்ளிப் புத்தகத்தில் இதையே ‘ஆரிக்கிள்’ என்று படித்திருப்போம். அது லத்தீனில் ‘சின்னக் காது’. சரியாகச் சொன்னால் மேல் அறையின் ஓரத்தில் காதுமடல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு மட்டும் உரிய பெயர். கீழ் அறை ‘வெண்ட்ரிக்கிள்’, சின்ன வயிறு. இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் சுவர் ‘செப்டம்’, வேலி. குழந்தைக்கு ‘ஹார்ட்டில் ஓட்டை’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்த வேலியில் இருக்கும் ஓட்டையைத்தான். மேலே இருந்தால் ஏ.எஸ்.டி., கீழே இருந்தால் வி.எஸ்.டி.; முதல் எழுத்து ஏட்ரியமா வெண்ட்ரிக்கிளா என்று சொல்லிவிடும்.

‘வால்வா’ என்பது மடக்குக் கதவின் ஒரு பலகை. இடது பக்கக் கதவு ‘மைட்ரல்’. ஆயர்கள் திருநாள் பூசையில் வைக்கும் உயரமான, முன்னும் பின்னும் கூராக எழும்பிய தொப்பிக்கு ‘மைட்டர்’ என்று பெயர். இந்த வால்வுக்கும் இரண்டே இதழ் என்பதால் வெசாலியஸ் அந்தத் தொப்பியோடு ஒப்பிட்டார். கதீட்ரல்கள் உள்ள பாளையங்கோட்டையில் இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டாம். வலது பக்கக் கதவு ‘ட்ரைகஸ்பிட்’, மூன்று முனை உடையது. இதயத்திலிருந்து வெளியே போகும் வழிகளில் இருப்பவை ‘செமிலூனார்’, அரைநிலா.

நம் நாட்டில் மைட்ரல் வால்வைக் கெடுப்பதில் முக்கியமான ஆள் ருமாட்டிக் காய்ச்சல். சின்ன வயசில் தொண்டைப்புண் வந்து, கவனிக்காமல் விட்டு, மூட்டுக்கு மூட்டு மாறி மாறி வீங்கி, கடைசியில் இதயத்தைப் பிடிக்கும். ‘ருமா’ என்றால் கிரேக்கத்தில் ஒழுகுதல், ஓட்டம். கெட்ட நீர் தலையிலிருந்து ஒழுகி மூட்டுகளில் சேர்கிறது என்று பழங்கால மருத்துவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை போய்விட்டது, பெயர் இருக்கிறது. வால்வு சுருங்கிவிட்டால் ‘ஸ்டெனோசிஸ்’. ‘ஸ்டெனோஸ்’ என்றால் குறுகிய. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 21 நாளைக்கு ஒருதரம் போடும் பென்சிலின் ஊசியைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

பெயரே தப்பாக அமைந்துவிட்டதற்கு நல்ல உதாரணம் ‘ஆர்ட்டரி’, அதாவது தமனி. செத்த உடம்பை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தமனிகள் காலியாகத் தெரிந்தன. ரத்தம் முழுக்கச் சிரைப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஆகவே தமனிக்குள் ஓடுவது காற்று என்று கோஸ் தீவின் பிராக்சகோராஸ் போன்றவர்கள் சொன்னார்கள். மூச்சுக்குழலுக்கும் அன்றைக்கு ‘ஆர்ட்டீரியா’ என்றே பெயர். அதை மட்டும் தனித்துக் காட்ட ‘கரடுமுரடான’ என்று பொருள்படும் ‘டிராக்கியா’வைச் சேர்த்தார்கள். இன்றைக்கு மூச்சுக்குழல் அந்த அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டு ‘டிராக்கியா’ ஆகிவிட்டது; ஆர்ட்டரி என்ற பெயர் ரத்தக்குழாய்க்குப் போய்விட்டது. உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் கீறிக் காட்டி, உள்ளே இருப்பது ரத்தம்தான் என்று நிரூபித்தவர் காலன். இதயத்தின் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ‘கரோனரி’. ‘கொரோனா’ என்றால் கிரீடம், மாலை. இதயத்தைச் சுற்றி வளைத்து நிற்பதால் வந்த பெயர். 2020க்குப் பிறகு அந்தச் சொல்லை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள் கிரீடம் மாதிரி தெரிந்ததால் அதற்கும் அதே பெயர்.

இந்தக் குழாயில் வருவதுதான் ஊரில் சொல்லும் ‘அடைப்பு’. ரிப்போர்ட்டில் அது ‘அத்திரோஸ்க்ளீரோசிஸ்’. ‘அத்தேரே’ என்றால் கிரேக்கத்தில் கூழ், கஞ்சி. குழாய்ச் சுவரில் படிந்த திட்டை வெட்டிப் பார்த்தவர்களுக்கு உள்ளே மஞ்சளாய்க் குழகுழவென்று இருந்தது தெரிந்தது. ‘ஸ்க்ளீரோஸ்’ என்றால் கெட்டியான. உள்ளே கூழ், மேலே கெட்டி மூடி; ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன, பெயர் வைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். உறைந்த கட்டி ‘த்ராம்பஸ்’. அது பெயர்ந்து போய் வேறு இடத்தில் அடைத்தால் ‘எம்போலஸ்’, ஆப்பு.

ரத்தம் போதாமல் போவது ‘இஸ்கீமியா’. ‘இஸ்கெய்ன்’ தடுத்து நிறுத்துதல், ‘ஹைமா’ ரத்தம். அடியோடு நின்று தசை செத்துவிட்டால் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’, நாம் ஹார்ட் அட்டாக் என்பது. ‘மைஸ்’ என்றால் கிரேக்கத்தில் தசை, எலி இரண்டும். தோலுக்கடியில் எலி ஓடுவது மாதிரி தசை நெளிவதால் என்று விளக்கம் சொல்வார்கள். லத்தீன் ‘மஸ்குலஸ்’ஸும் சின்ன எலிதான். ‘இன்ஃபார்க்’ என்பது லத்தீனில் திணித்தல். ரத்தம் கிடைக்காமல் செத்ததற்குத் திணித்தது என்று ஏன் பெயர்? செத்த திசு சில உறுப்புகளில் ரத்தம் கட்டி, திணித்து வைத்தாற்போல் வீங்கியிருந்ததைப் பார்த்து வைத்த பெயர் அது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏ.டபிள்யூ.எம்.ஐ. என்றிருந்தால் இதயத்தின் முன்சுவரில் அட்டாக், ஐ.டபிள்யூ.எம்.ஐ. என்றால் அடிச்சுவரில். முதல் எழுத்துகள் ‘ஆன்டீரியர்’, ‘இன்ஃபீரியர்’ என்ற லத்தீன் சொற்களுக்கு உரியவை. இன்ஃபீரியர் என்றால் இங்கே மட்டம் என்று பொருளில்லை, கீழே என்று மட்டும் பொருள்.

‘அஞ்ஜைனா’ என்பதன் வேரில் இருப்பது நெரித்தல். பின்னால் வரும் ‘பெக்டோரிஸ்’ நெஞ்சு. இந்தப் பெயரை வைத்து 1772இல் விவரமாக எழுதியவர் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்டவுடன் நடந்தால் இன்னும் கூடுதலாக, நெஞ்சைப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும் என்பது அவர் கண்டது. குற்றாலத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் செண்பகாதேவிக்கு ஏறுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம். உட்கார்ந்தும் விடாத இறுக்கம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் வாய்வுத்தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் ஆஞ்சியோ. ‘ஆங்கெயான்’ என்றால் பாத்திரம், குழாய். படம் எடுத்தால் ஆஞ்சியோகிராம். குழாயைப் பலூனால் விரித்துச் சீராக்கினால் ஆஞ்சியோபிளாஸ்டி. ‘பிளாஸ்’ என்பது களிமண்ணை உருட்டி வடிவம் கொடுக்கும் வினை, பிளாஸ்டிக் என்ற சொல்லும் அங்கேதான் பிறந்தது. இதயக் குழாயில் இதை 1977இல் சூரிச்சில் முதலில் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். ‘ஆஞ்சியோ பண்ணியாச்சு’ என்று மட்டும் ஊரில் சொல்வார்கள். படம் மட்டும் எடுத்தார்களா, விரித்தும் விட்டார்களா என்று தெரிய வால்துண்டு வேண்டும். விரித்த குழாய் மறுபடி சுருங்காமல் உள்ளே வைக்கும் ‘ஸ்டென்ட்’டில் வேர் தேட வேண்டாம். அது ஸ்டெனோசிஸின் உறவும் அல்ல. பல்லுக்கு அச்சு எடுக்கும் பொருள் ஒன்றைச் செய்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற லண்டன் பல் டாக்டரின் பெயரிலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம்.

எக்கோ ரிப்போர்ட்டில் எல்லாரும் தேடுகிற எண் ஒன்று உண்டு: ஈ.எஃப். “ஹார்ட்டு அறுவது பர்சென்ட்தான் வேலை செய்யுதாம்” என்று அழுகிற வீடுகள் உண்டு. சொல்லைப் பிரித்தால் அழுகை நிற்கும். ‘எஜெக்‌ஷன்’ என்பது லத்தீனில் வெளியே எறிதல். ‘ஃப்ராக்‌ஷன்’ என்பது உடைத்த பங்கு. இடது கீழ் அறை நிரம்பியிருக்கும்போது அதில் ஏறக்குறைய 120 மில்லி ரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் 70 மில்லி போல வெளியே போகும், மிச்சம் உள்ளேயே நிற்கும். 120இல் 70 என்றால் 58 சதவீதம். நல்ல இதயமே எல்லாவற்றையும் வெளியே தள்ளுவதில்லை. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. பள்ளிக்கூட மார்க் மாதிரி நூற்றுக்கு நூறு எதிர்பார்க்கிற எண் அல்ல இது. 40க்குக் கீழே போனால் இதயத்தின் தள்ளும் பலம் நன்றாகவே குறைந்துவிட்டது என்று டாக்டர்கள் தனியாகக் கவனிப்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் ‘கார்டியா’ ஆளை ஏமாற்றும். வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டிலும் ‘கார்டியா’ என்று ஒரு வரி இருக்கும். இரைப்பையின் மேல்வாய்க்கும் கிரேக்கர்கள் அதே பெயரைச் சொன்னார்கள். இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே. அந்த வரிக்கும் ஹார்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

பெரிய சொற்களுக்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல்லையும் படித்துவிட வேண்டும். எக்கோவில் ‘ட்ரிவியல் எம்.ஆர்.’ என்று நிறையப் பேருக்கு வரும். எம் என்பது மைட்ரல், ஆர் என்பது ‘ரீகர்ஜிடேஷன்’. ‘குர்ஜெஸ்’ என்றால் நீர்ச்சுழி, ‘ரீ’ என்றால் திரும்ப. மூடின கதவு வழியாகக் கொஞ்சம் ரத்தம் பின்னால் திரும்புகிறது. ‘ட்ரிவியல்’ என்பதில் ‘ட்ரி’ மூன்று, ‘வியா’ வழி: மூன்று ரோடு கூடும் இடம், நம்மூரில் முக்கு. முக்கில் பேசுகிற பேச்சு, எங்கும் கிடைக்கிற சாதாரண விஷயம் என்று ரோமர்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள். ஆரோக்கியமான ஆட்களை எக்கோ பார்த்தாலும் இவ்வளவு கசிவு அடிக்கடி தெரியும். அதே எம்.ஆர்.க்கு முன்னால் ‘மாடரேட்’ அல்லது ‘சிவியர்’ என்றிருந்தால், அடுத்த எக்கோ எப்போது என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.